காரீயமும் கைக்குழந்தையும்

(கருவேப்பிலங்குறிச்சியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



யார் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ, அவரிடம் நான் மூன்றாம் வகுப்பு படித்தேன். படிப்பு வராத பிள்ளையை அவர் அடித்து நான் பார்த்ததில்லை. பள்ளி விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய்விடுவார். திண்ணையில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடிப்பார். அடுப்பு எரிகிறதா, அப்பன் குடிக்கிறானா, பிள்ளைக்குக் கண் தெரிகிறதா, காது கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டு திரும்புவார். மறுநாள் ஒருவன் கடைசி வரிசையிலிருந்து முதல் வரிசைக்கு மாறியிருப்பான். இன்னொருவனுக்கு மதியச் சாப்பாடு அவர் டப்பாவிலிருந்து வரும். குழந்தை மருத்துவம் படித்துவிட்டு வந்த எனக்கு அவருடைய அந்தப் பழக்கம் பல வருஷம் வரவில்லை. அதனால் நேர்ந்த ஒரு தவற்றைச் சொல்லித்தான் நான் தொடங்க வேண்டும்.

1990களின் நடுவில் ஒரு காலை. நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். ஒரு தாய் ஐந்து வயதுப் பையனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். "வயித்தை வலிக்குதுங்கிறான் சார். வெளிக்கி மூணு நாளைக்கு ஒருக்காதான் போறான். பள்ளிக்கூடத்துல ஒரு எடத்துல உக்கார மாட்டேங்கிறானாம். பக்கத்துப் புள்ளைய அடிச்சுப்புடுறானாம். கூட்டிட்டுப் போங்கன்னு வாத்தியாரு சொல்லிட்டாரு" என்றாள். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன்; வெளுத்திருந்தது. இரும்புச்சத்து டானிக்கும் பூச்சி மாத்திரையும் எழுதினேன். ஒரு வருஷத்தில் நான்கு முறை வந்தாள். நான்கு முறையும் அதே டானிக்.

பிறகு ஒரு நாள் வேறொரு நோயாளியைப் பார்க்கப் போன தெருவில் அந்த வீட்டைப் பார்த்தேன். கொல்லையில் பழைய லாரி பேட்டரிகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அப்பா சுத்தியலால் பெட்டியை உடைத்து பிளேட்டுகளை எடுத்துப் போடுகிறார். மூன்று செங்கல் அடுப்பின் மேல் இரும்புச் சட்டியில் ஈயம் உருகுகிறது. அந்தச் சாம்பல் நிறப் புழுதியில் உட்கார்ந்து பையன் பிளேட்டுகளை அடுக்கி வீடு கட்டி விளையாடிக்கொண்டிருந்தான். மேலே கொடியில் அவன் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. நான் பேசப் போவதற்குள் அடுத்த மாதமே அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது.

அவன் ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று நான் சோதிக்கவில்லை. ஆகவே அவனுக்கு வந்தது ஈய நஞ்சுதான் என்று சான்று எழுத எனக்கு உரிமை கிடையாது. ஆனால் ரத்தசோகை, வயிற்றுவலி, மலச்சிக்கல், நிலைகொள்ளாமை நான்கும் ஒன்றாக வந்த பிள்ளையின் தாயிடம் "வீட்டுல என்னம்மா தொழில்?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் விட்டது என் குற்றம். இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக அது என்னுடனே இருக்கிறது. இன்றைய பேச்சு முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

நம் மொழியில் ஈயம் இரண்டு. ஒன்று வெள்ளீயம், பித்தளைப் பாத்திரத்துக்கு நவச்சாரம் போட்டுப் பூசுவது, ரசம் வைக்கும் ஈயச்சொம்பு செய்வது. மற்றது காரீயம், கனமானது, மென்மையானது, காகிதத்தில் இழுத்தால் கறுப்பாகக் கோடு விழும். இரண்டும் வேறு வேறு தனிமங்கள். வெள்ளீயத்தால் பெரிய கேடில்லை, காரீயம் நஞ்சு. பேச்சு வழக்கில் இரண்டையும் வெறும் 'ஈயம்' என்றே சொல்லிவிடுகிறோம். வெள்ளீயம் விலை கூடியது, காரீயம் மலிவு. ஆகவே கலப்படம் செய்பவருக்கு அந்தப் பொதுப்பெயர் வசதி. புளி கரைத்த ரசம் அந்தக் கலப்படச் சொம்பில் கொதித்தால் காரீயம் ரசத்தில் இறங்கும். பூச்சிலோ சொம்பிலோ எவ்வளவு காரீயம் இருக்கிறது என்று அடுப்படியில் நின்று யாராலும் சொல்ல முடியாது; கருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும். இனிமேல் நான் ஈயம் என்று சொல்வதெல்லாம் காரீயத்தையே.

இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு ஈயம் புதிதில்லை. வெள்ளாற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் வீச்சுவலை இல்லாத வீடு எங்கள் தெருவில் குறைவு. வலையின் ஓரத்தில் கோத்திருக்கும் ஈயக்குண்டுகள்தான் வலையைத் தரைக்கு இழுத்துப் போகும். குண்டு கழன்றால் பல்லால் கடித்துத்தான் இறுக்குவோம். தேய்ந்த குண்டுகளைச் சேர்த்து, பெரியப்பா ஒரு நீளக் காம்பு இரும்புக் கரண்டியில் போட்டு விறகடுப்பில் காட்டுவார். 327 டிகிரியில் ஈயம் உருகிவிடும். விறகடுப்புக்கு அது பெரிய காரியமில்லை. கண்ணாடி மாதிரி பளபளவென்று வரும்போது மேலே பால் ஆடை போல ஒரு கசடு படியும். குச்சியால் அதை ஒதுக்கித் தள்ளுவது என் வேலை. முற்றத்து மண்ணில் தட்டிவிடுவேன். அந்தக் கசடுதான் ஈய ஆக்சைடு. உலோகத்தைவிட எளிதாகப் பொடியாகி உடம்பில் சேரக்கூடியது. அதே முற்றத்தில்தான் என் தங்கை தவழ்ந்தாள். எங்கள் பெரியப்பாவைப்போலப் பிள்ளைகளைக் கொண்டாடியவர் யாருமில்லை. தெரியாததால் நடந்தது.

தவழும் பிள்ளை தரையைத் தொட்ட கையை நாள் முழுக்க வாயில் வைக்கும். பெரியவர் வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்குதான் ரத்தத்தில் சேருகிறது. சின்னப் பிள்ளைக்கோ கிட்டத்தட்டப் பாதி சேர்ந்துவிடுகிறது. வயிறு காலியாக இருந்தால் இன்னும் அதிகம். உடம்பில் இரும்பும் கால்சியமும் குறைவாக இருந்தால் இன்னும் அதிகம். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. ஈயம் உள்ளே வர நாமே கதவைத் திறந்து வைத்திருக்கிறோம். 2022இல் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டத்தைப் பற்றிப் பலர் பலவாறு பேசுகிறார்கள். குழந்தை மருத்துவனாக நான் அதை வாழ்த்துவதற்கு இதுவும் ஒரு காரணம். வெறும் வயிற்றோடு போகும் பிள்ளையைவிட உப்புமா சாப்பிட்ட பிள்ளையின் குடல் ஈயத்தைக் குறைவாகவே உறிஞ்சும்.

எவ்வளவு ஈயம் கேடு செய்யும் என்று கேட்பீர்கள். 100 மில்லி ரத்தத்தில் எத்தனை மைக்ரோகிராம் என்பதுதான் கணக்கு. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம். ஐந்து வயதுப் பிள்ளையின் உடம்பில் ஓடும் ரத்தம் ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ரத்த ஈய அளவு 10 என்று சோதனைச் சீட்டில் வந்தால், அவ்வளவு ரத்தத்திலும் சேர்ந்து ஓடும் ஈயம் சுமார் 140 மைக்ரோகிராம். ஒரு கடுகின் எடையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அந்தத் துளிதான் மூளையைத் தொடுகிறது.

சென்னைப் பிள்ளைகளின் கதையைச் சொல்கிறேன். போரூரில் இருக்கும் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியில் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழுவினர், அமெரிக்காவின் ஹோவர்ட் ஹு, டேவிட் பெல்லிஞ்சர், அனன்யா ராய் ஆகியோரோடு சேர்ந்து ஓர் ஆய்வு செய்தார்கள். சென்னைப் பள்ளிகளில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 பிள்ளைகளின் ரத்தம் எடுத்தார்கள். சராசரி 11.4 இருந்தது. பெட்ரோலில் ஈயம் கலப்பதை இந்தியா 2000ஆம் ஆண்டில் நிறுத்திய பிறகு எடுத்த ரத்தம் அது. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வகுப்பில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று அவரவர் ஆசிரியர்களையே படிவம் நிரப்பச் சொன்னார்கள். யார் ரத்தத்தில் எவ்வளவு என்று ஆசிரியருக்குத் தெரியாது. 2009இல் முடிவு வெளியானது. ஈயம் கூடக் கூடப் பிள்ளையிடம் பதற்றம் கூடியிருந்தது. மற்றப் பிள்ளைகளோடு ஒட்டாமை கூடியிருந்தது. கவனம் சிதறுவதும் துறுதுறுப்பும் கூடியிருந்தன. அந்தப் பிள்ளைகள் கண்ணால் பார்த்ததைக் கையால் வரைவதிலும் பின்தங்கினார்கள் என்று இதே குழுவின் இன்னொரு கட்டுரை 2011இல் வந்தது. என் அறைக்கு வந்த அந்தத் தாய் சொன்னதும், இந்தப் படிவங்களில் சென்னை ஆசிரியர்கள் குறித்ததும் ஏறக்குறைய ஒரே பட்டியல்.

மூளைக்குள் என்ன நடக்கிறது? பிறந்த பிள்ளையின் மூளையில் நரம்பணுக்களுக்கு இடையே இணைப்புகள் தேவைக்கு மேலாக முளைக்கின்றன. பிறகு பயன்படுவது தடிக்கும், பயன்படாதது தேயும். புதிதாக வெட்டிய கழனியில் முதல் தண்ணீர் விடும்போது பார்த்திருப்பீர்கள். பத்து இடத்தில் கீறிக்கொண்டு ஓடும், நாளாக ஆக எந்த வழியில் தண்ணீர் தொடர்ந்து போகிறதோ அது வாய்க்காலாகும், மற்றவை தூர்ந்துபோகும். முதல் சில வருஷங்களில் பிள்ளையின் மூளையில் நடப்பது இந்த வாய்க்கால் வேலைதான். எந்த இணைப்பை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதைக் கால்சியம் தரும் சைகை தீர்மானிக்கிறது. ஈய அயனிக்கும் கால்சியம் அயனிக்கும் ஒரே மின்னேற்றம். உருவமும் கிட்டத்தட்ட ஒன்று. அடுத்தவர் ரேஷன் அட்டையைக் காட்டிப் பொருள் வாங்கிப் போவதுபோல, கால்சியத்துக்கென்று இருக்கும் வழியில் ஈயம் புகுந்துவிடுகிறது. உள்ளே போனபின் கற்பதற்கும் நினைவுக்கும் அடிப்படையான என்.எம்.டி.ஏ. என்ற ஏற்பியை அடைத்துவிடுகிறது. சைகை வரவேண்டிய நேரத்தில் வருவதில்லை. வரக்கூடாத நேரத்தில் பொய்ச் சைகை எழுகிறது. வாய்க்கால் தவறான இடத்தில் வெட்டப்படுகிறது.

அதிகம் அடிபடுவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை. பொறுத்திரு, யோசி, இப்போது அடிக்காதே, முதலில் இதை முடி என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் இடம் அது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 1979இல் தொடங்கிய ஆய்வில், தாயின் வயிற்றில் இருக்கும்போதே பிள்ளைகளைப் பதிந்துகொண்டு வருஷக்கணக்கில் ரத்தம் எடுத்து வந்தார்கள். அவர்களில் 157 பேரை 19 வயதுக்கு மேல் வளர்ந்தபின் ஸ்கேன் செய்து பார்த்து 2008இல் எழுதினார்கள். சிறு வயதில் ஈயம் அதிகமாக இருந்தவர்களுக்கு முன்மூளையின் சாம்பல்நிறப் பகுதி சுருங்கியிருந்தது. ஆண்களிடம் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

அதே சின்சினாட்டிப் பிள்ளைகளில் 250 பேரின் போலீஸ் பதிவேடுகளையும் ஆராய்ந்தார்கள். ஆறு வயதில் ரத்த ஈயம் 5 மைக்ரோகிராம் கூடுதலாக இருந்தால், வளர்ந்தபின் அடிதடிக் குற்றங்களுக்காகக் கைதாவது கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காக இருந்தது. இதைக் கேட்டதும் குற்றத்துக்கெல்லாம் ஈயமே காரணம் என்று ஓடிவிட வேண்டாம். அந்தப் பிள்ளைகள் நகரின் ஏழ்மையான பகுதிகளில், பெயின்ட் உரிந்த பழைய வீடுகளில் வளர்ந்தவர்கள். வறுமையும் அதோடு சேர்ந்தே வந்தது. நியூசிலாந்தின் டுனெடின் நகரில் பெட்ரோல் புகை பணக்காரப் பிள்ளைக்கும் ஏழைப் பிள்ளைக்கும் ஒன்றுபோல் போய்ச் சேர்ந்திருந்தது. அங்கே ஈயத்தால் அறிவுத்திறன் குறைந்தது உறுதியாகத் தெரிந்தது. குற்றத்தோடு இருந்த தொடர்போ மிக மெலிதாகத்தான் இருந்தது. பிள்ளையின் தலையெழுத்தை ஈயம் எழுதிவிடுவதில்லை. தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் பலத்தை அது கொஞ்சம் திருடிக்கொள்கிறது. நல்ல வீடும் பொறுமையான ஆசிரியரும் வாய்த்தவன் அந்தக் குறையோடு கரையேறிவிடுவான். அடி உதையும் பட்டினியும் வாய்த்தவனுக்கு அந்தக் கொஞ்சமே போதும், சறுக்கிவிட.

'பாதுகாப்பான அளவு' என்று ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தோம். அமெரிக்காவில் 1960களில் அது 60. பிறகு 40, 30, 25 என்று இறங்கியது. 1991இல் 10, 2012இல் 5, 2021இல் 3.5. ஒவ்வொரு முறை இறக்கும்போதும் அதற்கு முந்தைய தலைமுறையின் பிள்ளைகளுக்கு நாம் 'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கொடுத்த சீட்டுகள் பொய்யாகிப் போயின. புரூஸ் லான்ஃபியர் என்பவர் 2005இல் பல நாடுகளின் ஏழு ஆய்வுகளிலிருந்து 1,333 பிள்ளைகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தார். ரத்த ஈயம் 2.4இலிருந்து 10க்கு ஏறும்போது அறிவுத்திறன் எண் 3.9 குறைகிறது. 10இலிருந்து 20க்கு ஏறும்போது மேலும் 1.9. 20இலிருந்து 30க்கு 1.1. அதாவது முதலில் நுழையும் கொஞ்ச ஈயம்தான் அதிகம் பறிக்கிறது.

நாலைந்து எண்தானே என்று தோன்றும். ஒரு பிள்ளையைத் தனியாகப் பார்த்தால் தெரியாது. அதனால்தான் இது இத்தனை காலம் ஒளிந்திருந்தது. ஆயிரம் பிள்ளைகள் உள்ள ஊரை எடுத்துக்கொள்வோம். சராசரி 100 இருக்கும்போது, 70க்குக் கீழே விழுந்து தனிக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைகள் சுமார் 23 பேர். சராசரி ஐந்து எண் இறங்கினால் அவர்கள் சுமார் 48 பேர். மேலே 130ஐத் தாண்டும் கெட்டிக்காரப் பிள்ளைகளும் முன்பு 23 பேர்; இப்போது 10 பேர்தான். யார் அந்தப் பதின்மூன்று பேர் என்று யாருக்கும் தெரியாது. அவர்களுடைய தாய்க்கும் தெரியாது. யுனிசெஃப் 2020இல் வெளியிட்ட அறிக்கை, ரத்த ஈயம் 5ஐத் தாண்டிய பிள்ளைகள் உலகில் 80 கோடி என்றும், அதில் இந்தியப் பிள்ளைகள் 27 கோடிக்கு மேல் என்றும் மதிப்பிட்டது.

மருந்து கொடுத்து எடுத்துவிடலாமே என்று என்னிடம் கேட்காத பெற்றோர் இல்லை. அளவு மிக அதிகமானால், 45ஐத் தாண்டினால், உயிரைக் காக்க மருந்து கொடுத்துத்தான் ஆகவேண்டும். அதற்குக் கீழே? அமெரிக்காவில் 20 முதல் 44 வரை இருந்த 780 பிள்ளைகளை இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்குக்கு ஈயத்தை வெளியேற்றும் மருந்தும் மறுபங்குக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் ஈயம் குறைந்தது. அறிவுத்திறனிலோ நடத்தையிலோ எந்த வித்தியாசமும் இல்லை. தவறிய வாய்க்காலை மருந்து திருப்பி வெட்டாது. என் முப்பத்தைந்து வருஷத் தொழிலில் இவ்வளவு கையாலாகாமல் என்னை நிற்கவைத்த முடிவு வேறில்லை.

இன்னொன்று, கர்ப்பிணிகளுக்காக. ஈயம் ரத்தத்தில் ஒரு மாதம்போலத்தான் தங்கும். எலும்பில் இருபது, முப்பது வருஷம் இருக்கும். வயிற்றில் பிள்ளை வளரும்போது தாயின் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து போகிறது. கூடவே ஈயமும் போகிறது. சிறுமியாக இருந்தபோது ஒருத்தி தொட்ட புழுதி, இருபது வருஷம் கழித்து அவள் பிள்ளையின் மூளைக்குப் போய்ச் சேரலாம். கேழ்வரகு, முருங்கைக்கீரை, பால், மத்தி மீன் என்று கர்ப்பிணிக்குச் சொல்வது எலும்பைக் காக்க மட்டும் சொல்வதில்லை.

இப்போது விருத்தாசலத்திலிருந்து வந்திருக்கும் பீங்கான் தொழிலாளத் தோழர்களிடம் வருகிறேன். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடைக்கும் வெள்ளைக் களிமண்ணும், தொழிற்பேட்டையும், அரசு பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரியும் சேர்ந்து விருத்தாசலத்துக்கு ஒரு பெயர் வாங்கிக் கொடுத்திருக்கின்றன. இங்கிருந்து போகும் இன்சுலேட்டர், கப், அகல் விளக்கு, பொம்மை எத்தனையோ ஊர்களில் இருக்கின்றன. கிளேஸ் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; மண்ணின் மேல் உருகிப் படியும் கண்ணாடி அது. கண்ணாடிக்கு மூலம் மணல். மணல் உருக 1,700 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டை இறக்க ஏதாவது சேர்க்க வேண்டும். 1,250 டிகிரி தாங்கும் சூளை வைத்திருப்பவருக்குப் பெல்ஸ்பாரும் சுண்ணாம்பும் போதும். ஈயம் தேவையே இல்லை. 900, 950 டிகிரியில் சுடும் சின்னச் சூளைக்காரருக்கு ஈய ஆக்சைடு பெரிய ஆசையைக் காட்டும். கொஞ்சம் போட்டாலே உருகும், நிறம் எடுப்பாக வரும், பளபளப்பு கண்ணைப் பறிக்கும். மெக்சிகோவில் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் சட்டி பானை செய்தார்கள். எலுமிச்சையும் தக்காளியும் சேர்ந்த சமையல் அந்தப் பானையிலிருந்து ஈயத்தைக் கரைத்துப் பிள்ளைகளுக்கு ஊட்டியது. இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்டில் 19ஆம் நூற்றாண்டில் ஈயக் கிளேஸில் பாத்திரம் முக்கும் வேலை பார்த்த பெண்களுக்கு அடுத்தடுத்துக் கரு கலைந்தது.

நீங்கள் சுடும் பாத்திரத்தில் ஈயம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. உயர்ந்த சூட்டில் சுட்ட வெள்ளைப் பீங்கான், பிள்ளைக்குப் பால் கொடுக்க நல்ல பாத்திரம். நான் கேட்பது: சோறும் குழம்பும் படும் பக்கத்தில் போடும் கிளேஸிலும், கப்புக்கு வெளியே சுட்ட பிறகு ஒட்டும் பூ டிசைனிலும் என்ன இருக்கிறது என்று தெரிந்து வாங்குங்கள். அந்த டிசைன் குறைந்த சூட்டில் ஒட்டுவது. வாய் வைக்கும் விளிம்பிலிருந்து அது விலகியிருக்க வேண்டும். சோதனை கடினமில்லை. நான்கு சதவீத அசெட்டிக் அமிலத்தை, வினிகர் என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும், கப்பில் ஊற்றி 24 மணி நேரம் வைத்து, அதில் இறங்கிய ஈயத்தை அளப்பதுதான் உலகம் முழுக்க நடைமுறை. களிமண்ணைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஊருக்கு, பிள்ளைகள் தொடும் பாத்திரத்தைப் பற்றிய சான்றையும் தானே முன்வந்து தரும் தகுதி இருக்கிறது.

கிளேஸைவிட எனக்குக் கவலை தருவது பெயின்ட். கொலு பொம்மைக்கும் பிள்ளையார் சிலைக்கும் அடிக்கும் பளீர் மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில் முன்பு ஈயக் குரோமேட் சர்வசாதாரணம். வீட்டுக் கதவுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அதே எனாமல்தான். வீட்டு உபயோகப் பெயின்ட்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்று மத்திய அரசு 2016 நவம்பர் 1இல் விதி போட்டது. ஒரு வருஷம் கழித்து நடைமுறைக்கு வந்தது. நல்ல விதி. ஆனால் அதற்கு முன்னால் அடித்த பெயின்ட் எங்கும் போய்விடவில்லை. நம் கதவில்தான் இருக்கிறது. தொழிற்சாலைக்கான பெயின்ட்டுக்கு அந்த விதி பொருந்தாது. அந்த டப்பா வீட்டுக்கும் வந்துவிடும். பொங்கலுக்கு முந்தின வாரம் எந்தத் தெருவுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். கதவைக் கழற்றித் திண்ணையில் சாய்த்து உப்புத்தாளால் தேய்க்கிறார்கள். மஞ்சளும் பச்சையுமாகத் தூள் பறக்கிறது. பக்கத்தில் பாட்டி மடியில் கைக்குழந்தை. சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பால் பயமில்லை. அந்தத் தூள்தான் பயம். தண்ணீர் தெளித்து நனைத்துத் தேய்த்தால் தூள் பறக்காது. தேய்க்கிற நாளில் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புங்கள். கடைசியில் துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் உட்கார மாட்டாதவன், கோபம் வந்தால் அடித்துவிடுபவன், சொன்னதை அரை மணியில் மறப்பவன் ஒருவன் இருப்பான். எல்லோருக்கும் ஈயம் காரணம் என்று நினைக்க வேண்டாம். பத்துக் காரணம் இருக்கலாம். அவன் வீட்டில் பேட்டரி உடைக்கிறார்களா, பெயின்ட் வேலையா, ஈயம் உருக்குகிறார்களா, பழைய இரும்புக் கடைக்குப் பின்னால் குடியிருக்கிறார்களா என்று மட்டும் கேட்டு ஒரு சீட்டில் எழுதி எங்களிடம் அனுப்புங்கள். மிச்சத்தை நாங்கள் பார்க்கிறோம். கை நரம்பில் எடுக்கும் கொஞ்சம் ரத்தம் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்கும் ஹீமோகுளோபினுக்கும் எடுப்பதுபோல ஈயத்துக்கும் எடுக்க வழி செய்யுங்கள் என்று அரசைக் கேட்கும் கடமை டாக்டர்களாகிய எங்களுக்கு இருக்கிறது. இதுவரை சத்தமாகக் கேட்கவில்லை.

போன மாதம் இரண்டு வயதுப் பெண் குழந்தையோடு ஒரு தாய் வந்தாள். குழந்தை மண் தின்கிறது, வெளுத்திருக்கிறது. இப்போதெல்லாம் ஸ்டெதஸ்கோப்பை எடுப்பதற்கு முன்னால் கேட்டுவிடுகிறேன்: "வீட்டுல என்னம்மா தொழில்?"

"அவரு பெயின்ட் வேலைக்குப் போறாரு சார்."

"சாயங்காலம் வந்ததும் முதல்ல என்ன செய்வாரு?"

அவள் சிரித்தாள். "புள்ளையத் தூக்கிடுவாரு சார். கை கால்கூடக் கழுவ மாட்டாரு. இவளும் அவரு சட்டையப் புடிச்சுச் சப்பிக்கிட்டே கெடப்பா."

ரத்தம் எடுக்கச் சொன்னேன். சீட்டில் முதல் வரியாக, சட்டையை வாசலிலேயே கழற்றிக் குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கவும், அந்தச் சட்டையைத் தனியாகத் துவைக்கவும் என்று எழுதினேன். இரும்புச்சத்து டானிக் அதற்குக் கீழே. அவள் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "நான் சொன்னா கேக்க மாட்டாரு, நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார்" என்று போனைப் போட்டு என் கையில் கொடுத்தாள். அவர் எங்கோ சாரத்தின் மேல் நின்றிருக்க வேண்டும். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும் வரை அந்தப் பக்கம் உப்புத்தாள் தேயும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.